கடல் தண்ணீரைக் குடிக்க மறுத்த இஞ்சின்

கம்பெனி பஸ் பாரூர் ஏரியைத் தாண்டும்போது தம்பி கூப்பிட்டான். அவன் தூத்துக்குடியில் வள்ளத்தில் மீன் பிடிக்கிறவன். நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, போச்சம்பள்ளி ஃபேக்டரியில் படகு டீசல் இஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன்.

"அக்கா, மிஷின் கொதிக்கு. சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போயிட்டு. காத்து பாறைப் பக்கமாத் தள்ளுது."

கரை தெரியும் தூரத்தில்தான் இருந்தான். அதனால்தான் சிக்னல் கிடைத்திருக்கிறது.

"மொதல்ல நங்கூரத்தப் போட்டு மிஷின நிப்பாட்டு. தண்ணி மூடியத் தொறந்துராத, ஆவி மூஞ்சில அடிச்சிரும். வெளிக்குழாயில தண்ணி துப்புச்சா?"

"இல்லக்கா. வெறும் பொகதான்."

அப்படியானால் இஞ்சினைக் குளிர வைக்கும் கடல் தண்ணீர் உள்ளேயே வரவில்லை. அது ஏறும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறக்கச் சொன்னேன். அது சுத்தமாக இருந்தது.

"இப்ப வால்வ லேசாத் தொற. தண்ணி பொங்குதா?"

"சொட்டுதுக்கா."

"அப்ப வள்ளத்துக்கு அடியில, தண்ணி ஏறுற ஓட்டையத்தான் என்னமோ அடைச்சிருக்கு."

"நான் எறங்கிப் பாக்கேன்."

"கயித்த இடுப்புல கட்டிக்கோ! கூட ஆரு இருக்கா?"

"சித்தப்பா இருக்காவ," என்றான். லைன் போய்விட்டது.

பஸ் நின்றது. கேட்டில் செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செக்யூரிட்டி கை நீட்டினார். "தம்பி கடல்ல மாட்டிக்கிட்டான்" என்றேன்.

"இப்பிடி நிழலுக்கு வந்து நில்லும்மா. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நின்றேன். வரிசை முழுக்க உள்ளே போன பிறகு போன் அடித்தது.

"சாக்குக்கா! கிழிஞ்ச அரிசிச் சாக்கு. பாதி உள்ள போயிருந்துச்சு."

"உடனே ஸ்டார்ட் பண்ணிராத. ஆறட்டும். அப்புறம் மூடியத் தொறந்து, உள்ள சுத்துற நல்ல தண்ணி கொறஞ்சிருந்தா ஊத்து."

ஆறும்வரை போனை வைக்கவில்லை. ஒருவழியாக இஞ்சின் உறுமியது. அவன் போனை வெளிக்குழாய் பக்கம் பிடித்தான். சளக், சளக் என்று தண்ணீர் விழுந்தது.

"முள்ளு எறங்குதுக்கா. கரைக்குத் திரும்புதோம்."

செக்யூரிட்டியிடம் போனை நீட்டினேன். சிரிப்பு வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று வயிறு சொன்னது. டீ இடைவேளை வந்ததும் கேன்டீனில் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டேன்.