பாவு தாண்டாத வீரன்

இதை எழுத வேண்டாம் என்று பல வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். விளக்கேற்றும் கையால் ஒருவரைத் திட்டி எழுதலாமா என்கிற பயம். ஆனால் விளக்கேற்றும்போதெல்லாம், ஏகாம்பரநாதர் படத்துக்குப் பக்கத்தில் நான் ஒட்டிவைத்த அந்தப் பத்திரிகைப் பக்கம் கண்ணில் படுகிறது. வயிறு எரிகிறது.

அதை வரைந்தவர் என் கொழுந்தனார். பகலில் தறி, சாயங்காலம் படம். முகத்தைப் பட்டுத்துணியால் மூடிக்கொண்டு பறக்கும் ஒரு வீரனை வாரப் பத்திரிகையில் தொடராக வரைந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் காலையில் பாவு விரிப்போம். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சரிசெய்வது. அதை யாரும் தாண்ட மாட்டார்கள். கல்யாண ஊர்வலமே சுற்றித்தான் போகும். கொழுந்தனார் கதையில், அம்மன் சிலையைத் திருடியவனைச் சந்துக்குள்ளிருந்து துரத்தி வரும் வீரன், பாவைப் பார்த்ததும் நின்றுவிடுவான். பறக்கத் தெரிந்தும் சுற்றிப் போவான். திருடன் தாண்டுவான். தாண்டியவனைத் தெருவே சேர்ந்து பிடிக்கும். வீரன் நிற்கிற பக்கம்தான் என் பூஜை அறையில் இருப்பது.

இந்தக் கதையைச் சினிமாவாக எடுக்க வந்த டைரக்டர் நல்ல பேச்சுக்காரர். நான் வைத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஹீரோ நின்னா படமே நின்னுடும் சார்" என்றார்.

"தாண்டினா அவன் எங்க ஆளே இல்லீங்க. வேற எத வேணா மாத்திக்கங்க, இத மட்டும் விட்டுடுங்க" என்றார் கொழுந்தனார்.

டைரக்டர் பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "சாமி சத்தியமா தாண்ட மாட்டார்" என்றார். நம்பி, படப்பிடிப்புக்கு எங்கள் பாவையே விரித்துக் கொடுத்தோம். நடிகர் ஓடி வந்து நின்றார். "பாத்தீங்களா அண்ணி, நான் வரைஞ்சாப்லயே நிக்கிறாரு!" கொழுந்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

தியேட்டரில் வீரன் நிற்கவில்லை. சென்னையில் செட் போட்டு மறுபடி எடுத்திருக்கிறார்கள். பாவை அறுத்துக்கொண்டு பாய்ந்தான். இழைகள் மெதுவாகப் பறந்தன, ஒரே விசில். பின்வரிசையிலிருந்து எதிர்வீட்டுக்காரர், "ஏம்பா, உங்க வீரன் எந்த ஊரு மாப்ள? பாவு இருக்குது, பாய்ஞ்சிக்கினு போறான்!" என்றார். எங்கள் தெரு ஆட்களே சிரித்தார்கள். கொழுந்தனார் பாதியில் எழுந்து போனார். பிறகு பத்திரிகையிலும் சினிமா வீரன் மாதிரியே வரையச் சொன்னார்கள். "அவன் யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணி" என்று தூரிகையைக் கீழே வைத்தவர், இன்றுவரை தொடவில்லை.

அந்த டைரக்டருக்கு என்ன குறைச்சல்? பறக்க வைக்க மெஷின் இருக்கிறது. ஒருத்தனை நிற்கவைத்து, அவன் ஏன் நிற்கிறான் என்பது பார்ப்பவர் நெஞ்சில் தைக்கும்படி செய்யத்தானே டைரக்டர்? கையில் கிடைத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, கதைக்கு மெருகேற்றினேன் என்று பேட்டி வேறு. மெருகாம்!

நேற்றும் டிவியில் போட்டார்கள். அணைத்துவிட்டு விளக்கேற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கேறி அந்தப் பக்கம் மங்கிவிட்டது. வீரன் மட்டும் பாவுக்கு முன்னால் நின்றபடியே இருக்கிறான். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உங்கள் கைச்சரக்கைச் சேர்க்காமல் சொல்லுங்கள். அவன் நின்றான். சுற்றித்தான் போனான்.