குவாதல்கிவிர் கரையில் கேட்ட குரல்

பேய், மாயம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். சிங்கப்பூர் சாங்கி சரக்குக் கிடங்கில் காலமெல்லாம் இரவு வேலை பார்த்தவன், ஒரு நிழலைக்கூடக் கண்டதில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது நடந்தது.

போன வருஷம் என் மனைவி ஜெய்னம்பு ஒரு சுற்றுலாக் குழுவோடு ஸ்பெயினுக்குப் போனாள். கோர்தோபாவின் பழைய பள்ளிவாசலை, அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளைப் பார்ப்பது அவளுடைய நெடுநாள் ஆசை. முழங்கால் வலியால் நான் போகவில்லை. அங்கே ஓடும் குவாதல்கிவிர் ஆற்றின் பெயர் அரபியில் 'பெரிய ஆறு' என்பதிலிருந்து வந்ததாம், கரையில் பழைய மாவு ஆலைகள் பாதி இடிந்து நிற்கின்றனவாம், பெரிய நீர்ச்சக்கரம் ஒன்றும் உண்டாம். தினமும் போனில் சொல்வாள், நான் டிவி பார்த்தபடி உம் கொட்டுவேன்.

அன்று சாயங்காலம், அங்கே மதியம், தேக்கா உணவங்காடியில் டீ குடிக்க உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் இரண்டு டீ வாங்கியிருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"யார பாய் கூப்பிட்டீங்க? ஜெய்னம்புன்னு அப்படிக் கத்துறீங்க?"

சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை. அதுவும் கல்யாணமானதிலிருந்து அவளை 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவேன், பெயர் சொன்னதே இல்லை.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது. அழுகிறாள். நம் சிங்கப்பூர்ப் பழக்கம், ஆற்றங்கரைக் கல் பெஞ்சில் இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறாள். அது அங்கே யாருக்குப் புரியும் லா? காற்று அதை ஆலையின் பாசி பிடித்த படிகளில் தள்ளிவிட, எடுக்க இறங்கியிருக்கிறாள். கீழே மழைத் தண்ணீரில் ஆறு புரண்டு ஓடுகிறது.

"கடைசிப் படியில கால் வைக்கப் போனேங்க. பின்னாடி உங்க குரல், என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. திரும்பினேன். அந்தப் படி அப்படியே பேந்து ஆத்துல விழுந்துருச்சு."

நான் கத்தியதாகத் தேக்காவில் எல்லாரும் சொன்னதை அவளிடம் சொன்னேன். நல்லபடியாகப் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், வெட்கத்தோடு ஒன்று கேட்டாள், அன்றைக்குப் போல இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லி. கூப்பிட்டேன். இன்றுவரை எத்தனையோ விதமாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொல்கிறாள்:

"இந்தக் குரல் இல்லங்க."