ரொஸ்னா எழுதி வைத்த நோட்டு

ரொஸ்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மின்சில்லுகளைச் சோதித்தவர். உள்ளே தெரிகிற வெள்ளிக் கோடுகள் நிலா வெளிச்சத்தில் தூங்குகிற ஊர் மாதிரி இருக்குமாம். அந்தத் தெருக்களில் நடந்துபோவதாகக் கனவுகூட வருமாம்.

வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜ்டவுன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழுதான மெலோடிகாக்களை வாங்க ஆரம்பித்தார். குழாயில் ஊதிக்கொண்டே கட்டையை அழுத்துகிற வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அதுதான். அவர் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் நாற்பதுக்கு மேல் தொங்குகின்றன. பச்சை, நீலம், பல் போன சிவப்பு. ஜன்னல் திரை அசையும்போது எல்லாம் சேர்ந்து மூச்சு விடுவது போல இருக்கும். நான் லோரி ஓட்டுகிறவன், கனவு காண்கிற ஆள் இல்லை. எனக்கே அப்படித் தோன்றியது.

நான் போனது என் மனைவி ருக்குமணிக்காக. பக்கவாதத்தில் அவளுக்குப் பேச்சுப் போய் இரண்டு வருஷம். பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசித்த பழைய மெலோடிகாவை மட்டும் தினமும் சாயங்காலம், நல்ல கையால் வாசிப்பாள். அதில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது.

ரொஸ்னா மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். காற்றில் அதிர்ந்து சத்தம் கொடுப்பவை அவைதான்.

“அண்ணே, அக்கா மைலோ குடிச்சிட்டு ஊதுறாங்களா?”

“ஆமா. ஏன்?”

“இனிப்பு ஒட்டியிருக்கு லா. எறும்பு வராம இருந்ததே பெருசு.”

மூன்று நாளில் வாங்கிவந்தேன். ருக்குமணி ஒரு வரி ஊதினாள். நிறுத்தினாள். மெலோடிகாவை என் பக்கம் தள்ளிவிட்டாள். அடுத்த நாளும் தொடவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டில் அவள் குரல் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

கோபமாகத்தான் திரும்பிப் போனேன். “என்னம்மா பண்ணின? ஒரு கட்டைதானே கெட்டுச்சு?”

ரொஸ்னாவின் முகம் சுருங்கியது. “எல்லா நாக்கும் அலுத்துப்போயி சுருதி இறங்கிக் கெடந்துச்சுண்ணே. சும்மா விட மனசு வரல. முப்பத்திரண்டையும் சரி பண்ணிட்டேன்.”

“அவளுக்கு அந்த எறங்குனதுதாம்மா பாட்டு.”

அவர் ஒரு நோட்டை எடுத்தார். கை வைக்கும் முன் ஒவ்வொரு நாக்கும் எவ்வளவு இறங்கியிருந்தது என்று பென்சிலில் எழுதியிருந்தார். தொழிற்சாலைப் பழக்கம்.

“திருப்பி இறக்கலாம். அடியில சுரண்டணும். ஏற்கெனவே மெல்லிசாயிருச்சு, முறிஞ்சாலும் முறியும்.”

“முறிஞ்சா?”

“வேற நாக்கு போடலாம். ஆனா அது அக்கா ஊதுன நாக்கு இல்ல.”

மெலோடிகாவை அவர் பக்கம் நகர்த்தினேன். “செய்யும்மா.”

சனிக்கிழமை அவரே அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “முப்பத்தொண்ணு பழையபடி. ஒண்ண மட்டும் தொடப் பயந்து விட்டுட்டேண்ணே.”

வெயில் சாய்ந்து, திரை மஞ்சளாக அசைந்துகொண்டிருந்தது. ருக்குமணி ஊதினாள். தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் ஆடி, அந்தப் பழைய சத்தம் வந்தது. அந்த ஒரு கட்டையில் விரல் நின்றது. ரொஸ்னா என்னைப் பார்த்தார். ருக்குமணி அதை மறுபடி அழுத்திப் பார்த்தாள். இன்னொரு தடவை. பிறகு அதைத் தாண்டிப் போய்விட்டாள். எவ்வளவு நேரம் வாசித்தாள் என்று தெரியாது.

முடித்ததும் தன் மைலோ கோப்பையை ரொஸ்னா பக்கம் நகர்த்தினாள்.

“குடுங்கக்கா, நானே குடிச்சிர்றேன்” என்றார் ரொஸ்னா. “இனிமே ஊதி முடிச்சாத்தான் உங்களுக்கு மைலோ.”