பந்தில் ஒரு தமிழ்க் கையெழுத்து

போன வருடம், குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு மண்டபத்தில் விளையாட்டுப் பொருட்களைச் சேகரிப்பவர்களின் சந்தை. நானும் கணவரும் ரூஜிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் போயிருந்தோம். பின் இருக்கையில் ஒரு பெட்டி நிறையப் பேஸ்போல் பந்துகள். எல்லாவற்றிலும் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் கையெழுத்துகள். அவற்றை மதிப்பிட்டு விற்றுவிடத்தான் போனோம்.

என் கணவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கனடாவுக்கு வந்த புதிதில். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் நண்பர்களோடு இருந்த காலம். ஆங்கிலம் விளங்காமலே டிவியில் ரசிக்க முடிந்தது பேஸ்போல் ஒன்றைத்தானாம். அப்போது ஆடியவர்கள் ஓய்வுபெற்று, இப்படியான சந்தைகளில் மேசை போட்டுக் கையெழுத்து வைக்கத் தொடங்க, இவரும் போய் வரிசையில் நிற்கத் தொடங்கினார். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நல்ல கோப்பைகள் இருக்கவேண்டிய தட்டுகளில் பந்துகள்தான் இருந்தன. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மெல்ல மெல்ல நடை திரும்பியது. பேச்சும் ஓரளவு திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகுங்கள் என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் போனார். ஒருநாள் வங்கியில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். இடது கையில் பேனையைப் பிடித்து ஒரு கோடு இழுத்தார். அது எங்கேயோ போனது. அங்கிருந்த பெண் நல்ல மனதோடுதான், “கையெழுத்துக்குப் பதிலாக ஒரு எக்ஸ் போட்டாலே போதும்” என்றாள். அன்றோடு பயிற்சி நின்றது. அவர் முத்து முத்தாக எழுதுகிறவர். ஊர்ச்சங்க விழா அழைப்பிதழ்களில் பெயர் எழுத அவரைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவர் பேனையைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கினார்.

பிறகு ஒருநாள் அலுமாரியைக் காட்டி, “உதுகளை இனி ஆருக்கு வைச்சிருக்கிறது? வித்துப்போடுவம்” என்றார். பந்துகள் போவது எனக்குப் பெரிய விஷயமில்லை. இவர் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறாரே, அடுத்தது எது என்றுதான் பயமாக இருந்தது. ஆனாலும் மறுத்துப் பேசத் துணிவில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

சந்தையில் பூதக்கண்ணாடியோடு ஒரு மதிப்பீட்டாளர் இருந்தார். மை மங்கியிருக்கிறதா, கையெழுத்து இரண்டு தையல்களும் நெருங்கி வருகிற இடத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பந்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “இதில் கையெழுத்து வைத்தவர் இன்றைக்கு இங்கேதான் இருக்கிறார். ஆனால் இப்போது வைக்கிற கையெழுத்தை யாரும் வாங்குவதில்லை. பக்கவாதம் வந்து, இடது கையால் கிறுக்குகிறார்” என்றார். சொன்ன பிறகுதான் என் கணவரின் கையைக் கவனித்தார் போல. பேச்சை நிறுத்திவிட்டார்.

என் கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நடந்தார். பக்கத்துக் கடையில் புதுப் பந்து ஒன்று வாங்கிக்கொண்டு, அந்த ஆட்டக்காரரின் மேசையைத் தேடிப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வரிசை பெரிதாக இல்லை. ஆட்டக்காரர் நல்ல உயரமான மனிதர். ஒரு காலத்தில் வலது கையால் பந்தெறிந்து பேர் வாங்கியவர். அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது. பந்து உருளாமல் இருக்க, முடிந்துபோன ஒட்டு டேப் ஒன்றின் வளையத்துக்குள் அதை வைத்து, இடது கையால் மெதுவாக எழுதினார். என் கணவர் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் முறை வந்தது. அவர் கையெழுத்து வைத்து முடித்ததும், இவர் தன் வலது கையை இடது கையால் கொஞ்சம் தூக்கிக் காட்டி, “எனக்கும் இப்படித்தான்” என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பந்தை எடுத்து, வளையத்துக்குள் வைத்து, பேனையோடு இவர் பக்கம் தள்ளினார். “எனக்கு உங்கள் கையெழுத்து வேண்டும்” என்றார்.

இவர் என்னைப் பார்த்து, “எனக்கு ஏலாதெண்டு சொல்லும்” என்றார்.

நான் சொல்லவில்லை. “அவர் ஆசையாக் கேக்கிறார், வையுங்கோவன்” என்றேன்.

பேனையை எடுத்தார். தமிழில் எழுதினார். முதல் எழுத்து நேராக நின்றது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து தையலில் போய் முட்டின. வரிசையை ஒழுங்குபடுத்திய இளைஞன் எதையோ சொல்ல வந்தான். ஆட்டக்காரர் கையை உயர்த்தி அவனைத் தடுத்தார். பின்னால் நின்றவர்களும் பொறுமையாக நின்றார்கள்.

முடிந்ததும், இது என்ன மொழி என்று ஆட்டக்காரர் கேட்டார். பெயரைச் சொல்லச் சொல்லி, தானும் சொல்லிப் பார்த்து, வாயில் நுழையாமல் சிரித்தார். பந்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் இடது கையால் கைகுலுக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதிப்பீட்டாளரிடம் நாங்கள் திரும்பிப் போகவில்லை. கார் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் இவர் வாய் திறந்தார்.

“என்ரை பந்தைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சவர், கண்டனீரே?”

“ஓம், கண்டனான்.”

“மேசையிலை போடேல்லை. பொக்கற்றுக்குள்ளை.”

அடுத்த நாள் பயிற்சி நிலையத்துக்கு அவரே தொலைபேசி எடுத்தார். வலது கை இன்றும் திரும்பவில்லை. இடது கையெழுத்து இன்றும் சரிந்துதான் போகிறது. ஆனால் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பேனையை வாங்கி, தன் பெயரை முழுதாக எழுதுகிறார்.

அந்த ஆட்டக்காரர் எங்களை எப்போதோ மறந்திருப்பார். கையெழுத்துக்கு விலை சொல்கிறவர்கள் நிறைந்த அந்த மண்டபத்தில், யாருமே விலை சொல்லாத ஒரு கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட அந்த மனிதரை, என் கணவர் பேனையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.