கையை முகர்ந்து பார்க்கும் சிப்ரியானா

"இதுல சோப்பு வாசமே இல்லையே, லூச்சா. தண்ணிய மட்டும் காட்டிட்டு ஓடி வந்துட்டியா? போ, போ, திரும்பப் போ."

என் இரண்டு கைகளையும் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டு சிப்ரியானா இப்படி விரட்டும்போது காலை மூடுபனி வயலை விட்டுக் கிளம்பியிருக்காது. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே குழாய்க்குத் திரும்புவேன். சலீனாஸ் பள்ளத்தாக்கு முழுக்க லெட்டூஸ் கீரை அறுக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. ஆளைப் பிடித்துக் கையை முகர்ந்து பார்க்கும் கொடுமை எங்கள் கூட்டத்தில் மட்டும்தான்.

அவளுக்குக் கக்கூஸ் வண்டி வேலை. பழைய வெள்ளை டிரக்கின் பின்னால் நீல நிறத்தில் இரண்டு அறைகள், பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி, குழாய், சோப்பு, காகிதத் துண்டு. நாங்கள் அறுத்துக்கொண்டே நகர நகர, வண்டியும் வரப்போரமாக நகர்ந்து வரும். ஆளைப் பார்த்தால் கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் உயரம்தான் இருப்பாள். அந்த உயரத்துக்கு அந்தத் தோரணை கொஞ்சம் அதிகம். உதட்டில் சிவப்புச் சாயம் இல்லாமல் வயலுக்கு வரமாட்டாள். தொப்பியில் ரிப்பன். சிரித்தால் ஒரு தங்கப் பல். "நான் இல்லன்னா இந்த வயல்ல ஒரு இலை வெளிய போவாதுடி" என்று தன் புகழைத் தானே பாடிக்கொள்வாள். யாராவது ஆமாம் என்று சொல்லும்வரை விடவும் மாட்டாள்.

கதவைத் திறந்தால் உள்ளே காகிதத் தோரணம் தொங்கும். பண்டிகைக்குப் பண்டிகை நிறம் மாறும். இறந்தவர் திருநாள் வந்தால் மஞ்சள் சாமந்தி. சின்னக் கண்ணாடி ஒன்றும் உண்டு. "மேயர் வீட்டு பாத்ரூம் கூட இவ்ளோ லட்சணமா இருக்காது" என்பாள். மேயர் வீட்டுக்கு எப்போது போனாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

கை கழுவ அவள் வைத்திருக்கும் சட்டம் வேறு எங்கும் கிடையாது. சோப்பைப் போட்டுக்கொண்டு கூடப்பிறந்தவர்கள் பெயரையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கடைசிப் பெயர் முடியும்வரை தேய்க்கவேண்டும். நிக்கனோருக்குக் கூடப்பிறந்தவர்கள் பதினோரு பேர். அவன் கை எப்போதும் பளபளவென்று இருக்கும், ஒரே முகர்தலில் தேறிவிடுவான். நான் ஒற்றைப் பிள்ளை. முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

"ஒத்தப் புள்ளையா? அடப் பாவமே! சரி, சித்தப்பா பிள்ளைங்க, மாமா பிள்ளைங்க எல்லாரையும் சொல்லு."

இப்படியே கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருடைய குடும்பமும் அவளுக்கு அத்துபடி. "உன் மாமா பொண்ணு ஃபெலீசிட்டாஸுக்குக் குழந்தை பொறந்துதா?" என்று திடீரென்று கேட்பாள். எனக்கே மறந்துபோன ஃபெலீசிட்டாஸ்!

ஒரு தடவை வாய் பொறுக்காமல் கேட்டேன், இதெல்லாம் உனக்கு எதற்கு அக்கா என்று. "நான் வந்த புதுசுல இந்த வண்டியெல்லாம் கிடையாதுடி. ஒருத்திக்கு அவசரம்னா நாலு பேரு போர்வையைப் பிடிச்சிக்கிட்டு நிப்போம். காத்தடிச்சா போர்வை ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். கை கழுவத் தண்ணி எங்க இருந்துச்சு? காலையில இருந்து தண்ணியே குடிக்காம வேலை செய்வோம்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் டிரக்கில் சிவப்புக் கொடிக் கட்டு ஒன்றும் முடிச்சுப் போட்ட கயிறும் எப்போதும் இருக்கும். வயலுக்குள் பன்றி, மான், நாய் எது வந்து அசிங்கம் செய்திருந்தாலும், அந்த இடத்தில் முளை அடித்து, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி, வட்டமாகக் கொடி நட்டுவிடுவாள். வட்டத்துக்குள் இருக்கும் லெட்டூஸை ஒருவரும் தொடக்கூடாது. முதலாளியின் செல்ல நாய்க்கே ஒருமுறை கொடி நட்டவள் அவள். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நாய்க்கு முதலாளி யாருன்னு கிருமிக்குத் தெரியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போன செப்டம்பரில் எங்கோ தூரத்து ஊர்களில் கீரை தின்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு, அதில் சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் என்று செய்தி வந்தது. எந்த வயல் கீரை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஹாஸ்கெல்லுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மாவட்ட சபைத் தேர்தலில் நிற்கிற மனிதர். "எல்லை தாண்டி வந்தவங்க வயலையே கக்கூஸாக்குறாங்க. உங்க தட்டுல அதுதான் வருது" என்று தினமும் ரேடியோவில் முழங்கினார். சிப்ரியானா டிரக்கில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். அணைக்கவில்லை. "சின்னப் புள்ளைங்களாம்டி" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எங்கள் எல்லோரையும் இரண்டு தடவை முகர்ந்தாள்.

அடுத்த வாரம் எங்கள் வயலுக்குச் சோதனை என்று தெரிந்தது. லெட்டூஸ் வாங்குகிற கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருத்தி வருகிறாள். அவள் திருப்தியாகத் தலையாட்டினால் அறுப்பு தொடரும். இல்லையென்றால் மொத்த வயலையும் உழுது மண்ணில் புதைத்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் வேறு வயலில் இடம் கிடைக்காது. மேஸ்திரி அபுண்டியோவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி வந்த அதே காலையில் ஹாஸ்கெல்லும் வந்து இறங்கினார், கையில் வாளி அளவுக் காபிக் கோப்பையோடும் டிவி கேமராக்காரப் பெண்ணோடும். முதலாளிக்கு வேண்டியவராம். கேமராவைக் கண்டதும் சிப்ரியானா கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளிடம் குடியேற்றக் காகிதம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. மூடிய முகத்தோடே போய் ஹாஸ்கெல்லிடம் சோப்பை நீட்டினாள்.

"வயல்ல கால் வைக்கிற எல்லாரும் கை கழுவணும், ஐயா."

"நான் எதையும் தொடப் போறதில்லம்மா" என்றார் அவர். பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் பாஷை நன்றாக வரும். ஓட்டுக் கேட்கும்போது மட்டும்தான் வராது. அபுண்டியோ பின்னாலிருந்து கண்ணைக் காட்ட, சிப்ரியானா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி கத்தி கழுவும் குளோரின் தண்ணீரைச் சோதித்தாள், கத்திகளைப் பார்த்தாள், கக்கூஸ் கதவைத் திறந்தவள் தோரணத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாஸ்கெல் வரப்பில் நின்று கேமராவுக்குப் பேசினார். பேசி முடித்ததும் அந்த வாளிக் காபி தன் வேலையைக் காட்டியது போலிருக்கிறது. எங்கள் நீல அறையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். வயலுக்குள் அடுக்கி வைத்திருந்த காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் மெதுவாகப் போனார். வந்தார்.

தொட்டியில் தண்ணீர் பார்க்கப் போன சிப்ரியானா அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

நேராக டிரக்குக்கு வந்து கொடிக் கட்டை எடுத்தாள். அபுண்டியோ ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"ஐயோ தாயே, உன் காலுல விழறேன். இன்னைக்குக் கொடி நட்டா வயல் போச்சு. யார் பாத்தா?"

"நான் பாத்தேன்."

"கேமரா இருக்கு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"இதைத் திங்கப் போற புள்ளைக்கு ஆரு சொல்லுவா, அபுண்டியோ? தள்ளு."

பெட்டிகளுக்குப் பின்னால் போய் முளையை அடித்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். சிவப்புக் கொடிகள் ஒவ்வொன்றாக ஏறின. நாங்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்தக் கிறுக்கி எங்கள் சோற்றில் மண்ணைப் போடுகிறாளே என்று அந்த நேரத்தில் அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு.

அதிகாரி வந்தாள். "என்ன மிருகம்?"

"மனுஷன்" என்றாள் சிப்ரியானா.

அவ்வளவுதான், ஹாஸ்கெல் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா! இதைத்தானே தினம் தொண்டை கிழியக் கத்துறேன்! கேமராவை இங்க திருப்பும்மா. சொல்லு, இவங்கள்ல எவன் அது?"

சிப்ரியானா எங்களைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்தாள். "நீங்கதான், ஐயா."

அதிகாரி பெட்டிகளுக்குப் பின்னால் போனாள். ஈர மண்ணில், முளையடித்த சிப்ரியானாவின் சின்னத் தடத்தைத் தவிர, எங்கள் ரப்பர் பூட்ஸ் தடம் ஒன்றுகூட இல்லை, கூர்மூக்குத் தோல் ஷூவின் தடம் போகவும் வரவும் பதிந்திருந்தது. ஹாஸ்கெல்லின் காலைப் பார்த்தாள். அவரும் தன் காலைப் பார்த்துக்கொண்டார். காது இரண்டும் பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போயின.

"வட்டத்துக்குள்ள இருக்கிறதை விட்டுருங்க. மிச்சத்தை அறுக்கலாம்" என்றாள் அதிகாரி. பிறகு சிப்ரியானா பக்கம் திரும்பி, "சோதனை நடக்கும்போதே, என் கண் முன்னாடியே கொடி நட்ட ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைம்மா" என்றாள்.

நிக்கனோர் போட்ட விசில் பக்கத்து வயலுக்குக் கேட்டிருக்கும். அபுண்டியோ தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது போய் வட்டத்துக்குள் விழுந்தது. "தொடாத!" என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். இந்த மனுஷி எங்களோடு இருக்கிறாளே என்று எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஹாஸ்கெல் கார் பக்கமாக நகர்ந்தார். சிப்ரியானா விடவில்லை. சோப்புப் புட்டியோடு குறுக்கே போய் நின்றாள்.

"கை கழுவாம போவக்கூடாது, ஐயா. வாங்க."

மனிதர் கேமராவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் குழாயடிக்கு வந்தார்.

"கூடப்பிறந்தவங்க பேரைச் சொல்லிக்கிட்டே தேய்ங்க."

"எனக்கு ஒரே ஒரு அக்காதான்."

"பேரு?"

"டோரதி."

"பெரியப்பா பிள்ளைங்க!" என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

"கென்னத்... லோரீன்..." என்று ஆரம்பித்தார். இன்னொரு பெயரை யோசித்தார். "வெஸ்லி" என்று சொல்லும்போது, எப்படி என்று தெரியவில்லை, அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத் துண்டில் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார்.

முகத்துணி கட்டியிருந்தால் வாசம் தெரியாது. சிப்ரியானா ஒரு கணம் கேமரா பக்கம் பார்த்தாள். பிறகு துணியைக் கழுத்துக்கு இழுத்து இறக்கினாள். சிவப்பு உதடு, தங்கப் பல், முழு முகமும் வெயிலில் தெரிந்தது. அவர் கைகளைப் பிடித்துக் கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தாள்.

அப்புறம் சோப்புப் புட்டியை எடுத்து, அவர் உள்ளங்கையில் இன்னொரு தடவை பீய்ச்சினாள்.