மீனின் தலை எந்தப் பக்கம்

ஏரிக்கரை பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் வேலை அவளுக்குப் பதினெட்டு வருடமாக. காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்து, அழுத்தம் காட்டும் முள் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அதற்கப்புறம் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. அதைத்தான் அவள் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். மீன்கொத்திகளைப் பார்க்கும் வேலை.

மூன்று வகை வரும். வெள்ளை மார்புக்காரன் பெயருக்குத்தான் மீன்கொத்தி. ஓணானோ வெட்டுக்கிளியோ கிடைத்ததை அமுக்கிக்கொண்டு போய்விடுவான். கருப்பு வெள்ளைக்காரன் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்துச் செங்குத்தாக விழுவான். மூன்றாவது, உள்ளங்கைக்குள் அடங்குகிற நீலக்குட்டி. அதுதான் அவள் செல்லம். ஜன்னலுக்கு எதிரே கரைச்சரிவில் வளை குடைந்து, ஜோடியாகக் குடித்தனம் வந்திருந்தது.

பிடித்த மீனை அது, ஏரிக்குள் இறங்கும் பம்ப் குழாய்மேல் அடித்துச் சாகடிக்கும். தான் தின்பதென்றால் மீனின் தலை தொண்டைப் பக்கம் இருக்கும். குஞ்சுக்கென்றால் தலையை வெளியே பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வளைக்குள் போகும். செதில் குத்தாமல் குஞ்சு விழுங்க வேண்டுமே. இதைக் கண்டுபிடித்த அன்று, வீட்டில் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு புருஷனுக்கு நடித்தே காட்டினாள்.

"எனக்கு எப்ப இப்படி ஊட்டப்போற?" என்றான் அவன்.

மூன்று முறை கரு கலைந்து, அதற்குமேல் ஆசைப்படவே பயந்துபோன வீடு அது. வளைக்குள் இருந்த குஞ்சுகளை அவன் "உன் பிள்ளைங்க" என்பான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் முகத்திலேயே அவள் முழித்திருக்க மாட்டாள்.

கெட்ட நேரம், அந்தச் சரிவை வெட்டிச் சமன்படுத்திக் கல் பதிக்க உத்தரவு வந்தது. பொக்லைன் ஓட்டுபவன் அவள் புருஷனேதான். வண்டியின் எண்ணெய்க் குழாய் கசிகிறது, வாளிப் பல் தேய்ந்துவிட்டது என்று ஒன்பது நாள் சாக்குப்போக்கு சொன்னான். பத்தாம் நாள் மேற்பார்வையாளர், "இன்னிக்கு நீ ஓட்டலேன்னா வேற ஆள் ஓட்டுவான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கென்று அவளை மேல்தொட்டி வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். போன் செய்தான்.

"குழாய் மேல மீன்கொத்தி உக்காந்திருக்கு. வாயில மீனு."

"தலை எந்தப் பக்கம்?"

"தொண்டைப் பக்கம். அரை மணியா பாக்குறேன், மூணு மீனையும் அதுவே முழுங்கிடுச்சு. வளைப் பக்கமே போகல."

அவள் விரல்விட்டு எண்ணினாள். குஞ்சு பொரித்து மூன்று வாரம் தாண்டியிருந்தது. "அப்ப பறந்துடுச்சுங்க. நீங்க ஆரம்பிங்க."

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு வாயெல்லாம் பல். ஒன்பது நாள் காப்பாற்றிக் கொடுத்தவன் அல்லவா.

"கருப்பும் வெள்ளையுமா உன் ஆளு அழகுதான். நீலம்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றுவிட்டது. தலை எந்தப் பக்கம் என்று கேட்டாளே தவிர, எந்தப் பறவை என்று கேட்கவில்லை. அவனுக்கு மீன்கொத்தி என்றால் ஒரே பறவைதான். தெரிந்தவள் அவள்.

மறுநாள் காலை சரிவு வழித்துவிட்ட மாதிரி இருந்தது. நீலக்குட்டி வந்து குழாய்மேல் உட்கார்ந்தது. வாயில் மீன், தலை வெளியே. கரைக்குப் பறந்தது, வளை இருந்த இடத்தில் தடுமாறியது, திரும்பி வந்தது. மறுபடி போனது. நான்கு முறை எண்ணினாள், அதற்குமேல் எண்ண முடியவில்லை. கடைசியில் அது குழாய்மேல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு மீனைத் திருப்பிப் பிடித்துத் தானே விழுங்கியது.

மோட்டார் சத்தத்தில் அவள் வாய்விட்டு அழுதது யாருக்கும் கேட்கவில்லை. ஆரம்பிங்க என்று சொன்ன வாய் இதுதானே என்று தன்னையே அறைந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் கேட்டான்: "பிள்ளைங்க கண்ணுல பட்டாங்களா?"

கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

"பட்டாங்க" என்றாள். "அஞ்சு பேரு. குழாய் மேல வரிசையா உக்காந்திருந்தாங்க."

"நான்தான் சொன்னேன்ல" என்று சிரித்தபடி அவன் தட்டை நீட்டினான்.