திசையன்விளைக்கு நாற்பது வண்டிகள்

டார்லின் தன் மோட்டார் சைக்கிளைப் பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளைக்கு ஓட்டிப் போன அன்று, அவள் பின்னால் நாற்பது வண்டிகள் அணிவகுத்துப் போயின. எதிரே வந்த அரசுப் பேருந்தே ஓரங்கட்டி நின்று வழிவிட்டது. நாற்பது என்பது கொஞ்சம் கூடத்தான். பேருந்தும் அங்கே நிறுத்தம் இருந்ததால் நின்றதுதான். ஆனால் வண்டி போனது நிஜம், ஓட்டியவள் டார்லின் என்பதும் நிஜம். கூட வந்தவர்களைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் யார் குடி முழுகிப்போகும்?

டார்லின் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். வயது நாற்பத்தாறு. ஊரார் வழக்கையெல்லாம் தட்டித் தட்டி, யார் எதைச் சொன்னாலும் “அதுக்கு ஆதாரம்?” என்று கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கீரைக்காரி இன்று பறித்த கீரை என்று சொன்னால், அதற்கும் ஆதாரம் கேட்பாள்.

அவள் வீட்டுக் கொல்லையில், கொய்யா மரத்தடியில், அண்ணன் ஜாஸ்பரின் பழைய வண்டி நின்றது. ஜாஸ்பருக்குத் திசையன்விளையில் முருங்கைக்காய் மண்டி. லோடு வண்டி வாங்கியதும் இதைத் தங்கை வீட்டில் தள்ளிவிட்டுப் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் சீட்டில் கோழி அடைகாத்தது. டார்லின் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

ஒரு நாள் பஸ்ஸில் யாரோ ஒரு புண்ணியவான் உர மூட்டையை அவள் காலிலேயே இறக்கிவைத்தார். நொண்டிக்கொண்டு வீடு வந்தவள், கோழியைத் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

எடுத்தாளே தவிர, எதைத் திருகுவது என்று தெரியாது. அந்தச் சமயம் பார்த்து மேலப்பாளையத்துக் கைலி வியாபாரி அசன் மைதீன் வக்கீலைத் தேடி வந்தார். வந்தது ஒரு சுவர்த் தகராறுக்காக. டார்லினின் போனில் கிடந்த கார்புரேட்டர் படத்தைக் கண்டதும் சுவரை மறந்துவிட்டார். அன்று சாயங்காலமே அவளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். ‘தாமிரபரணி ரைடர்ஸ்’ என்று பெயர். தபால் துறையில் ஓய்வுபெற்ற கிருபைராஜ் தொடங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை புன்னக்காயல் வரை போய் மீன் தின்றுவிட்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் அவரவர் வீட்டில் இருந்தபடி அடுத்தவர் வண்டிக்கு வைத்தியம் சொல்வார்கள்.

டார்லின் ஒரு படம் போட்டால் போதும்.

“ப்ளக்கக் கழத்தி உப்புத்தாள் வச்சுத் தேயுங்கக்கா,” என்பான் செல்போன் கடை வைத்திருக்கும் சுஜின்.

“ப்ளக்குல ஒண்ணும் இல்லம்மா. கார்புரேட்டர்ல அழுக்கு,” என்பார் கிருபைராஜ்.

“அதுக்கு ஆதாரம்?”

“முப்பது வருச அனுபவம்.”

“தபால் ஆபீஸ்லயா அண்ணாச்சி?”

வாயால் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் எல்லாரும் அவள் கொல்லைக்கே வந்துவிட்டார்கள். அசன் மைதீனின் மனைவி ஆசியா உம்மாள் இடியாப்பச் சட்டியோடு வந்தாள். ஆளுக்கொரு பக்கம் கழற்றி, தின்று, சண்டை போட்டு, மறுபடி மாட்டினார்கள். சில வாரம் கழித்து வண்டி ஒரு கனைப்புக் கனைத்தது. கொய்யா இலை உதிர்ந்தது. கோழி அடுத்த தெருவுக்கு ஓடியது.

சேதி திசையன்விளைக்குப் போனது. ஜாஸ்பர் போனில் வந்தார்.

“ஏட்டி, அந்த வண்டிய பழைய இரும்புக்குப் போடப் போறேன். ஆள் சொல்லியாச்சு.”

“நல்லா ஓடுதுண்ணே.”

“வீட்டுக்குள்ள ஓடும். நடுரோட்டுல நின்னா யாருட்டி வருவா உனக்கு? ஒத்தையில நிப்பியா?”

டார்லின் விடவில்லை. ஒரு மணி நேரம் வாதாடினாள். அவள் வக்கீல்கூட அவ்வளவு நேரம் வாதாடியதில்லை. ஜாஸ்பர் கடைசியில் இறங்கிவந்தார்.

“சரி, இங்கன ஓட்டிட்டு வா. மெக்கானிக் கை படக்கூடாது. எவன் காலும் படக்கூடாது. தானா மண்டி வாசல்ல வந்து நின்னா ஆர்.சி.ய உம் பேருக்கு மாத்தித் தாரேன். இல்லன்னா இரும்புக்கடைதான்.”

கால் என்று அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வழியில் ஒரு வண்டி நின்றுபோனால், பின்னால் வருகிறவர் ஒரு காலை நீட்டி அதன் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, தன் வண்டியின் வேகத்திலேயே அதையும் தள்ளிக்கொண்டு போவார். நம் சாலைகளில் தினமும் காண்கிற காட்சி.

புறப்படுகிற சனிக்கிழமை காலை டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார்கள். கிருபைராஜ் பையிலிருந்து ஒரு வட்ட ஸ்டிக்கரை எடுத்தார். நீல நிறத்தில் ஆறு, நடுவில் சக்கரம், சுற்றிலும் குழுவின் பெயர். அவரே வரைந்து அச்சடித்தது. மற்றவர்களுக்கெல்லாம் மட்கார்டில்தான் ஒட்டியிருந்தார்.

“நம்ம குழுவுல மொத மொதல்ல ஒரு பொம்பள ஓட்டுத வண்டி. இதுக்கு உச்சியிலதான் ஒட்டணும்,” என்று டேங்க் மூடியின் மேல் வைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் வண்டி இருமியது. இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. சுஜின் பாய்ந்து வந்து ப்ளக்கைக் கழற்றித் தேய்த்து, ஊதி, மாட்டினான். உதைத்ததும் கிளம்பிவிட்டது.

“நான் அப்பமே சொன்னேம்லா?” என்று தலையைக் கோதிக்கொண்டான்.

இட்டமொழிக்கு முன்னால் மறுபடி நின்றது. இந்தத் தடவை கிருபைராஜ் கார்புரேட்டரைத் திறந்து வடித்து, கைக்குட்டையால் துடைத்து மூடினார். கிளம்பிவிட்டது.

“அனுபவம்லே, அனுபவம்,” என்றார் சுஜினைப் பார்த்து.

அதற்கப்புறம் பின்னால் ஒரு ஹாரன் விடாமல் ஒலித்தது. தனக்குச் செலுத்தும் மரியாதை என்று டார்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டக்கூடச் செய்தாள்.

திசையன்விளையின் முதல் கடைகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், செம்மண் காட்டோரம், வண்டி மூன்றாம் முறை நின்றது. ஹாரன் அவர்களைக் கடந்து போனதை டார்லின் கவனிக்கவில்லை. அவள் போன் அடித்தது. “எங்கன வாரே?” என்றார் ஜாஸ்பர். “இந்தா, திருப்பத்துல,” என்று சொல்லி வைத்தாள்.

அசன் மைதீன் மெல்ல அருகில் வந்து நிறுத்தினார். “காலு வச்சிருதேம்மா. மண்டிக்கு முந்துன தெருவுல எடுத்துருதேன். யாருக்குத் தெரியும்?”

“அல்லாவுக்குத் தெரியும்,” என்றாள் பின் சீட்டில் இருந்த ஆசியா உம்மாள்.

டார்லின் அந்தக் காலைப் பார்த்தாள். நல்ல பலமான கால். வைத்தால் ஆதாரம்கூட இருக்காது. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போகையில் நின்றால்?

“வேண்டாம் அண்ணாச்சி. ஏன் நிக்குதுன்னே தெரியாம ஆர்.சி.ய வாங்கி நான் என்ன செய்ய?”

“பெட்ரோல் இருக்கான்னாவது பாரேன்,” என்றாள் ஆசியா.

“காலையிலதான் நெறச்சோம்,” என்றார்கள் ஆண்கள் மூவரும் ஒரே குரலில்.

“பாத்தா கொறஞ்சா போயிரும்?”

டார்லின் டேங்க் மூடியைத் திருகினாள். சோடாப் புட்டி மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம்.

அவளுக்கு அடுப்படியில் இருக்கும் எண்ணெய் டின் நினைவுக்கு வந்தது. ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஒழுகாது. எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டுக் காற்றுக்கு வழிவிட்டால்தான் இறங்கும். மூடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்பக்கம் ஊசிமுனை அளவு ஒரு துளை. வெளிப்பக்கம் அதை அடைத்துக்கொண்டு ஸ்டிக்கர். வண்டி நின்ற நேரமெல்லாம் விளிம்பு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே போயிருக்கிறது; அதனால்தான் மறுபடி கிளம்பியிருக்கிறது. ப்ளக்கும் கார்புரேட்டரும் சும்மா பேர் வாங்கிக்கொண்டன.

எல்லாரும் கிருபைராஜைப் பார்த்தார்கள். அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

“கிழிச்சிரும்மா,” என்றார் மெதுவாக.

டார்லின் நகத்தை விளிம்பில் வைத்தாள், எடுத்துவிட்டாள். “ஆசியாக்கா, முக்காட்டுப் பின் ஒண்ணு தாங்க.” ஸ்டிக்கரில் இருந்த சக்கரத்தின் நட்டநடுவில் ஒரு குத்து. மூடியைத் திருகி உதைத்தாள். அப்புறம் வண்டி நிற்கவே இல்லை.

மண்டி வாசலில் ஜாஸ்பர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“மெக்கானிக் யாரும் வந்தாங்களா?”

“மெக்கானிக் வந்திருந்தா மூணு தடவ நின்னிருக்குமாண்ணே?”

“காலு?”

அசன் மைதீன் இரண்டு காலையும் முறைக்கு ஒன்றாகத் தூக்கிக் காட்டினார். “ரெண்டும் எங்கூடத்தான் வந்துச்சு அண்ணாச்சி.”

“மூணு தடவ நின்னுச்சா?” ஜாஸ்பரின் குரல் ஏறியது. “நான் சொன்னம்லா? நடுரோட்டுல நின்னு என்னட்டி செஞ்ச?”

“நான் நின்னேன். இவுங்களும் நின்னாங்க.”

ஜாஸ்பர் மூவரையும் பார்த்தார். சுஜினின் சட்டையெல்லாம் கரி. கிருபைராஜின் கைக்குட்டை இனி எந்தத் துவைகல்லுக்கும் ஆகாது. உள்ளே போனவர் ஆர்.சி.யோடு வந்து, பெயர் மாற்றும் தாள்களில் கையெழுத்துப் போட்டார்.

“அடுத்த தடவ ஸ்டிக்கர நடுவுல ஓட்ட விட்டே அடிக்கச் சொல்லுதேன்,” என்றார் கிருபைராஜ், யாரும் கேட்காமலேயே.

ஜாஸ்பரின் மனைவி கரோலின் டீ கொண்டுவந்தாள். “தனியாவா வந்தே?” என்றதுதான் தாமதம், டார்லின் தம்ளரை நீட்டி முழக்க ஆரம்பித்தாள். “தனியாவா? பொறத்தால நாப்பது வண்டி மைனி! இட்டமொழில இருந்து ஒரே ஹாரன் மரியாத!”

ஆசியா உம்மாள் கையை நீட்டினாள். “எம் பின்னக் குடு மொதல்ல. பொறத்தால வந்தது நாலு வண்டி. அதுல ஒண்ணு பால்காரரு. நீங்க ரோட்ட அடச்சுக்கிட்டுப் போனிய, அவரு பாவம் வழி கேட்டுல்லா ஹாரன் அடிச்சாரு.”